ஸ்பொன்சர் விண்ணப்பம் முடியுமுன் வருகையாளர் விசாவில் கனடா வருதல்: படிப்படியான வழிகாட்டி

கனடாவில் வாழும் கணவனோ மனைவியோ உங்களை ஸ்பொன்சர் செய்திருக்கிறார். நிரந்தர வதிவிட முடிவு வர ஓராண்டு அல்லது அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை இரண்டு நாடுகளில் பிரிந்தே இருக்க வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் ஒருவருக்கு இருப்பது அவர் தற்காலிகமாக வந்து போவதற்குத் தடையாகாது என்று கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 22(2)ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒரே நிபந்தனை, அனுமதிக்கப்பட்ட காலம் முடியும்போது நீங்கள் வெளியேறுவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். இதை ‘இரட்டை நோக்கம்’ என்பார்கள். நானும் என் துணையும் இந்த வழியில்தான் வந்தோம். அலைச்சலில் பெரும்பகுதி எந்த ஆவணத்தை எப்போது எடுப்பது என்று சொல்ல ஒருவர் இல்லாததால் வந்தது.

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கும், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் துணை வசிப்போருக்கும் இது பொருந்தும். கியூபெக்கில் மாகாண அரசின் ஒப்புதலும் தனியாக வேண்டும். முன்பு நாடு கடத்தப்பட்டவர்களும், கனடாவில் விசா முடிந்த பின்னும் தங்கியவர்களும், குற்றவழக்கு உள்ளவர்களும் இதை மட்டும் நம்பி இறங்காமல் உரிமம் பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரை முதலில் பாருங்கள்.

1. ஸ்பொன்சர் வகையை முதலில் முடிவு செய்யுங்கள்

வாழ்க்கைத்துணைக்கு இரண்டு வகைகள் உண்டு. ஒன்று குடும்ப வகுப்பு. வெளிநாட்டில் இருப்பவருக்கான வழி என்று இதைச் சொல்வார்கள். மற்றது கனடாவுக்குள் துணையோடு ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவருக்கான உள்நாட்டு வகுப்பு. வருகையாளராக வரப்போகிறோம் என்பதால் உள்நாட்டு வகுப்பில்தான் போட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தேவையில்லை. குடும்ப வகுப்பில் விண்ணப்பித்தவர் அந்தக் காலத்தில் கனடாவில் தங்கியிருக்கலாம்.

என் கருத்தில் பெரும்பாலானோருக்குக் குடும்ப வகுப்பே பாதுகாப்பானது. அதில் மறுப்பு வந்தால், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்நாட்டு வகுப்பில் அந்த உரிமை இல்லை. ஊரில் தாய்க்கோ தகப்பனுக்கோ உடம்பு முடியாமல் போய் நீங்கள் திடீரெனத் திரும்ப நேர்ந்தாலும் குடும்ப வகுப்பு விண்ணப்பம் பாதிக்கப்படாது. உள்நாட்டு வகுப்பில் வெளியே போய் மீண்டும் நுழைய முடியாமல் போனால் விண்ணப்பமே கைவிட்டுப் போகக்கூடும்.

துணையை ஸ்பொன்சர் செய்வதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை என்பதையும், ஸ்பொன்சர் செய்பவர் குடியுரிமை இல்லாத நிரந்தர வதிவிடவாசியாக இருந்தால் அவர் கனடாவிலேயே வசிக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை முழுமையாக முதலில் அனுப்புங்கள்

வரிசை இங்கே முக்கியம். ஸ்பொன்சர் விண்ணப்பம் முழுமையானது என்று குடிவரவுத் துறை ஏற்றுக்கொண்டதும் கோப்பு எண்ணுடன் ஒரு பெறுகை உறுதிக் கடிதம் வரும். வருகையாளர் விசாவுக்கு அந்தக் கடிதம் கிடைத்த பின் விண்ணப்பிப்பதே நல்லது. 2023 மே மாதம் குடிவரவுத் துறை, ஸ்பொன்சர் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும் வாழ்க்கைத்துணைகளின் வருகையாளர் விசாக்களை விரைவாகப் பரிசீலிக்கப் போவதாகவும், அவற்றுள் பெரும்பாலானவற்றை 30 நாட்களுக்குள் முடிக்க எண்ணுவதாகவும் அறிவித்தது. அந்தப் பயன் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் கோப்பு எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் நான்கு.

முதலாவது திருமணத் திகதி. பதிவுத் திருமணம் ஒரு நாளிலும் தாலி கட்டியது இன்னொரு நாளிலுமாக இருப்பது எங்களிடையே சாதாரணம். படிவத்தில் திருமணத் திகதியாகப் பதிவுச் சான்றிதழில் உள்ள திகதியை எழுதி, சடங்கு நடந்த நாளை உறவு பற்றிய கேள்விகளுக்கான ஐஎம்எம் (IMM) 5532 படிவத்தில் விளக்கமாக எழுதுங்கள். புகைப்படங்களின் பின்னேயோ கீழேயோ எந்த நிகழ்வு, எந்த நாள் என்று குறிப்பிடுங்கள். இரண்டு திகதிகளை விளக்கம் இல்லாமல் விட்டால், முரண்பாடு என்று அதிகாரி எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது பெயர். எங்கள் பெயர்களில் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னால் வரும், அல்லது முதலெழுத்தாக நிற்கும். படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பிரித்து எழுதுங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்ப் பகுதி வெறுமையாக இருந்தால், முழுப் பெயரையும் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் எழுதி மற்றதை வெறுமையாக விட வேண்டும் என்பதே குடிவரவுத் துறையின் அறிவுறுத்தல். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டலும் கடவுச்சீட்டில் இன்னொன்றும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதை ஊரில் இருக்கும்போதே செய்துவிடுவது எளிது.

மூன்றாவது வாழ்க்கை வரலாறு. ஐஎம்எம் 5669 படிவம் கடந்த பத்து ஆண்டுகளை, அல்லது 18 வயதிலிருந்து இன்றுவரையான காலத்தை, மாதம் விடாமல் கேட்கிறது. வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்த மாதங்களையும், வெளிநாட்டில் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். இதே விவரங்கள் வருகையாளர் விசாப் படிவத்திலும் வரும். இரண்டு கோப்புகளும் ஒரே துறையின் கணினியில் உங்கள் ஒரே அடையாள எண்ணின் கீழ்தான் கிடக்கின்றன என்பதை ஒரு நாளும் மறக்க வேண்டாம். நான் இரண்டு விண்ணப்பங்களின் திகதிகளையும் ஒரே தாளில் எழுதி வைத்து, அதைப் பார்த்துத்தான் எல்லாப் படிவங்களையும் நிரப்பினேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

நான்காவது பிள்ளைகள். முந்தைய உறவில் பிறந்த பிள்ளை உங்களோடு வராவிட்டாலும் பெயரைக் கட்டாயம் அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்ட பிள்ளையைப் பின்னர் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாமற் போகலாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, இலங்கையில் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் புதிய பிரதிகளைப் பிரதேச செயலகத்திலும், தமிழ்நாட்டில் திருமணப் பதிவுச் சான்றை அதைப் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்திலும் எடுக்கலாம். கோயிலில் தரும் சீட்டு துணை ஆதாரமாகுமே ஒழிய, பதிவுச் சான்றுக்கு ஈடாகாது. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பைக் குடும்ப உறுப்பினர் செய்யக்கூடாது, ஆங்கில ஆசிரியரான அண்ணாவாக இருந்தாலும் சரி. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். பொலிஸ் சான்றிதழ், 18 வயதுக்குப் பின் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்தவர்கள் அங்கிருந்து சான்றிதழ் எடுப்பதை முதல் வேலையாகத் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா ஆவணங்களையும் விட அதுவே நாள் பிடிக்கும்.

3. வருகையாளர் விசாவுக்கான ஆவணங்கள்

வருகையாளர் விசாவுக்கான அடிப்படைப் படிவம் ஐஎம்எம் 5257. அதோடு குடும்ப விவரங்களுக்கான ஐஎம்எம் 5645 உம் உண்டு. எல்லாம் இணையவழியிலேயே. புகைப்பட அளவு விசாவுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், நிரந்தர வதிவிடத்துக்கு 50க்கு 70 மில்லிமீட்டர். ஸ்டூடியோவில் ஒரே தடவையில் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கும் துணை தர வேண்டியவை: அழைப்புக் கடிதம், குடியுரிமைச் சான்று அல்லது நிரந்தர வதிவிட அட்டையின் பிரதி, வேலைக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டுகள், கனடா வருமானவரித் துறையின் மதிப்பீட்டு அறிக்கை, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டு உறுதி (உரிமைப் பத்திரம்). நிரந்தர வதிவிடத்துக்கு வருமான வரம்பு இல்லை என்றாலும், வருகையாளரை ஆறு மாதம் வைத்துப் பார்க்கப் பணம் இருக்கிறதா என்று விசா அதிகாரி பார்ப்பார். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரெனப் பெருந்தொகை வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற சான்றையும் சேர்த்து வையுங்கள். சீட்டுக் காசு, காணி விற்ற காசு என எதுவாக இருந்தாலும் எழுத்தில் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

நீங்கள் தர வேண்டியவை: வேலை செய்பவராயின் விடுமுறை அனுமதிக் கடிதம், உங்கள் பெயரில் உள்ள காணி, வீட்டு ஆவணங்கள், பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு இருந்தால் அதற்கான சான்று, முந்தைய வெளிநாட்டுப் பயணங்களின் முத்திரைகள் உள்ள கடவுச்சீட்டுப் பக்கங்கள், பெறுகை உறுதிக் கடிதம். ஊரில் உங்களை இழுக்கும் கட்டு எதுவும் இல்லையே என்று கவலைப்படுவோர், குறிப்பாகப் படித்து முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருக்கும் இளம் மனைவிமார், சொத்து எதையும் அவசரமாகத் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டாம். அது செயற்கையாகத் தெரியும். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைப் பழுதில்லாமல் காக்க வேண்டும் என்பதே சட்டத்தை மீறாமல் இருப்பதற்கான வலுவான காரணம். அதைக் கடிதத்தில் எழுதுங்கள்.

4. விளக்கக் கடிதம்

மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் கடிதத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். எங்களிடம் ஒரு முகவர், ஸ்பொன்சர் நடப்பதைச் சொல்லாமல் ‘உறவினரைப் பார்க்கப் போகிறேன்’ என்று போடச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அப்படிச் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: மேலே சொன்ன குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முக்கியமான உண்மையை மறைத்தாலோ பொய் சொன்னாலோ ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் வரத் தடை விழும். அந்தத் தடை ஸ்பொன்சர் விண்ணப்பத்தையும் வீழ்த்தும். முகவர் எழுதினாலும் பொறுப்பு உங்களுடையது.

கடிதம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வரியிலேயே, ‘என் கணவர் என்னை ஸ்பொன்சர் செய்துள்ளார், கோப்பு எண் இது, முடிவு வரும் வரையில் அவரோடு தற்காலிகமாக இருக்க வர விரும்புகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். அடுத்து 22(2)ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். அடுத்து எவ்வளவு காலம், எங்கே தங்குவது, யார் செலவு செய்வது. கடைசியாக, நிரந்தர வதிவிடம் மறுக்கப்பட்டாலோ அனுமதிக்காலம் நீடிக்கப்படாவிட்டாலோ நாடு திரும்புவேன் என்றும், திரும்பினால் எங்கே வாழ்வேன், என்ன செய்வேன் என்றும் உண்மையாக எழுதுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலானோர் ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். அதிகாரி தேடுவதோ இதைத்தான்.

5. செலவும் காலமும்

வருகையாளர் விசாக் கட்டணம் ஒருவருக்கு 100 கனடிய டொலர். கைரேகையும் புகைப்படமும் பதிய 85 டொலர். நிரந்தர வதிவிடத்துக்கு 2024 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி ஸ்பொன்சர் கட்டணம் 85, பரிசீலனைக் கட்டணம் 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, மொத்தம் 1,205 டொலராக இருந்தது. இந்தத் தொகைகள் அவ்வப்போது உயர்கின்றன. செலுத்தும் நாளில் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பார்த்தே செலுத்துங்கள், குறைவாகச் செலுத்தினால் விண்ணப்பம் திரும்பி வரும். இவற்றுக்கு மேல் மொழிபெயர்ப்பு, பொலிஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கைரேகை வைக்கக் கொழும்புக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவு எல்லாம் வரும். கைரேகைக்கான அறிவுறுத்தல் கடிதம் வந்ததும் விசா விண்ணப்ப நிலையத்தில் நேரம் பதிந்துவிடுங்கள்.

நிரந்தர வதிவிடத்துக்கான மருத்துவப் பரிசோதனையை அறிவுறுத்தல் வந்த பின், துறை அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். அதன் செல்லுபடி பொதுவாக 12 மாதம். அவசரப்பட்டு முன்கூட்டியே செய்தால் முடிவு வருமுன் காலாவதியாகி, மறுபடியும் செய்ய நேரும்.

விசா வருமுன் விமானச்சீட்டு வாங்காதீர்கள். உத்தேசப் பயணத் திட்டம் போதும்.

6. மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணங்கள் பொதுப்படையாக இருக்கும். அதிகாரி கோப்பில் எழுதிய குறிப்புகளைக் கனடாவில் இருக்கும் துணை 5 டொலர் கட்டி, தகவல் பெறும் சட்டத்தின் வழியாக எடுக்கலாம். 2025 ஜூலை முதல் சில மறுப்புக் கடிதங்களோடு அந்தக் குறிப்புகளைத் துறையே அனுப்பத் தொடங்கியிருக்கிறது. குறிப்பைப் படித்து, எந்த ஐயம் எழுந்தது என்று தெரிந்த பின்பே மறுபடி விண்ணப்பியுங்கள். அதே ஆவணக் கட்டை அப்படியே திரும்ப அனுப்பினால் அதே பதில்தான் வரும். மறுப்பை எதிர்த்துக் கனடாவின் சமஷ்டி (கூட்டாட்சி) நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால், கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுக்கு 60 நாள் அவகாசம். வருகையாளர் விசா மறுக்கப்பட்டால் அதனாலேயே ஸ்பொன்சர் விண்ணப்பம் மறுக்கப்படுவதில்லை. ஆனால் அடுத்த எல்லாப் படிவங்களிலும் ‘விசா மறுக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுத வேண்டும்.

7. விமான நிலையத்தில்

விசா என்பது கதவைத் தட்டுவதற்கான அனுமதி. உள்ளே விடுவது எல்லைச் சேவை அதிகாரி. கைப்பையில் பெறுகை உறுதிக் கடிதம், அழைப்புக் கடிதத்தின் பிரதி, திரும்பும் விமானச்சீட்டு, பணத்துக்கான சான்று, துணையின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால் கடிதத்தில் எழுதியதையே சொல்லுங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவது ஆபத்து.

வீடு பெயர்ந்து வருவதுபோல் பாத்திரம் பண்டம் கட்டிக்கொண்டு வர வேண்டாம். நகை பற்றி ஒரு வார்த்தை. நிரந்தர வதிவிடம் பெற்று முதன்முதல் வருபவர், ஊரில் தனக்குச் சொந்தமாக இருந்து பயன்படுத்திய பொருட்களைப் பட்டியலிட்டு வரியின்றிக் கொண்டுவரலாம். தனிப் பொருளின் மதிப்பு 10,000 டொலரைத் தாண்டினால் மிகுதிக்கு வரி உண்டு. நீங்கள் இப்போது வருவது வருகையாளராக. ஆகவே அணிந்திருக்கும் தாலிக்கொடியும் அன்றாட நகையும் போதும். மற்ற நகைகளுக்குப் புகைப்படமும் மதிப்பீட்டுச் சான்றும் எடுத்து ஊரிலேயே வைத்துவிட்டு, குடியேறும் கட்டத்தில் பட்டியலோடு கொண்டுவருவதே நல்லது. பணமாக 10,000 டொலரோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அறிவிக்க வேண்டும்.

அதிகாரி கடவுச்சீட்டில் தனியாகத் திகதி எழுதாவிட்டால், நுழைந்த நாளிலிருந்து ஆறு மாதம் தங்கலாம். விசாவில் அச்சிட்டுள்ள காலாவதித் திகதி நாட்டுக்குள் நுழையக் கடைசி நாளே தவிர, தங்கக் கடைசி நாள் அல்ல. இந்த இரண்டையும் குழப்பி, சட்டப்படி தங்கும் தகுதிநிலையை இழந்தவர்கள் நிறைய. முத்திரையே குத்தாமல் விட்டால் விமான ஏறுசீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

8. வந்த பிறகு தகுதிநிலையைக் காத்தல்

ஆறு மாதம் முடிய 30 நாட்களுக்கு முன்பே வருகை நீடிப்புக்கு ஐஎம்எம் 5708 படிவத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 100 டொலர். உரிய காலத்துள் விண்ணப்பித்தால், முடிவு வரும் வரை கனடாவில் தங்கும் உரிமை தொடரும். காலம் தவறினால், இழந்த தகுதிநிலையை மீட்டெடுக்க 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம், ஆனால் செலவும் பதற்றமும் பன்மடங்கு. நீடிப்பாகக் கிடைக்கும் தாள் விசா அல்ல. அதை வைத்துக்கொண்டு ஊர் போய்த் திரும்ப முடியாது. 2024 நவம்பர் முதல் பல தடவை நுழையும் விசாவே வழமை என்ற நிலை இல்லை, ஒரு தடவை விசாவும் தரப்படலாம். பயணம் போகுமுன் உங்கள் விசாவில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வருகையாளராக வேலை செய்ய முடியாது. தெரிந்தவரின் கடையில், கையில் காசுக்கு என்றாலும் அது சட்டமீறல்தான். பிடிபட்டால் ஸ்பொன்சர் கோப்பையே பாதிக்கும். நேரான வழி ஒன்று இருக்கிறது. பெறுகை உறுதிக் கடிதமும் செல்லுபடியான தற்காலிகத் தகுதிநிலையும் உள்ளவர், கனடாவில் துணையோடு ஒரே முகவரியில் வசித்தால் திறந்த வேலை அனுமதிக்கு, அதாவது எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். 2023 மே மாத அறிவிப்புக்குப் பின் குடும்ப வகுப்பில் விண்ணப்பித்தவர்களுக்கும் இது பொருந்துகிறது. கட்டணம் 155 உடன் 100 சேர்த்து 255 டொலர். அனுமதி கையில் வந்து, சமூகக் காப்புறுதி எண் எடுத்த பிறகே வேலையில் சேருங்கள்.

மாகாண மருத்துவக் காப்பு வருகையாளருக்கு இல்லை. வந்த நாளிலிருந்தே தனியார் வருகையாளர் காப்புறுதி எடுங்கள்; கர்ப்பமாக இருந்தால் பிரசவச் செலவை அது ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் ஏற்காது. ஒன்ராறியோவில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தின் தகுதி உறுதியான கட்டத்தில் மாகாணக் காப்புக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. தகுதியை உறுதிசெய்யும் கடிதம் வந்ததும், மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போய்க் கேளுங்கள்.

முகவரி, கடவுச்சீட்டு எண், கர்ப்பம், பிள்ளைப்பேறு என எந்த மாற்றம் வந்தாலும் குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாக உடனே அறிவியுங்கள். நீங்கள் இப்போது கனடாவில் இருக்கிறீர்கள் என்பதையும் ஸ்பொன்சர் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால், கடைசிக் கட்டத்தில் கடவுச்சீட்டை ஊரில் உள்ள விசா நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரலாம்.

9. நிரந்தர வதிவிடத்தை முடித்தல்

ஒப்புதல் கிடைத்ததும், நீங்கள் கனடாவுக்குள் இருக்கிறீர்களா என்று கேட்டு மின்னஞ்சல் வரும். உண்மையில் உள்ளே இருந்தால் மட்டும் ‘ஆம்’ என்று பதில் அளியுங்கள். பின்னர் நிரந்தர வதிவிட இணையத் தளத்தில் கணக்கு ஒன்று திறக்கப்படும். அதில் புகைப்படமும் கனடிய முகவரியும் கொடுத்த பின், வதிவிட உறுதிப் பத்திரம் மின்னணு வடிவில் வரும். எல்லைக்குப் போய் வர வேண்டிய தேவை இல்லை. மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போய்விடுவதுண்டு. ஒப்புதல் நெருங்கும் காலத்தில் தினமும் அதைத் திறந்து பாருங்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருந்தால், கடவுச்சீட்டை விசா நிலையத்தில் கொடுத்து நிரந்தர வதிவிட விசா ஒட்டிப் பெற்று, உறுதிப் பத்திரத்தில் உள்ள திகதிக்கு முன் வந்து இறங்க வேண்டும். ஊரில் விட்டு வந்த நகைகளையும் பொருட்களையும் பட்டியலிட்டுக் கொண்டுவர இதுவே தருணம். ஒப்புதல் நெருங்கும்போது உங்களுக்கு ஊரில் வேலை இருந்தால், முடிவை அங்கே பெறுவதா கனடாவில் பெறுவதா என்று துணையோடு பேசி முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

முதல் நிரந்தர வதிவிட அட்டைக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் 180 நாட்களுக்குள் கனடிய முகவரி கொடுக்காவிட்டால், கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அட்டை தபாலில் கைக்கு வரும் வரை வெளிநாடு போக வேண்டாம். அவசரமாகப் போனவர்கள் திரும்புவதற்கு 50 டொலர் கட்டி நிரந்தர வதிவிடப் பயண ஆவணம் எடுக்கும் வரை அங்கேயே காத்திருக்க நேரும்.